பாலம் போட்ட சீசா

பினாங்கிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளை நேற்று ஒரு குப்பி சாதிக்காய்த் தைலம் கொண்டுவந்து கொடுத்தான். "மொழங்கால் வலிக்குத் தேச்சுக்கங்க ஆச்சி" என்றான். குப்பியைச் சுற்றியிருந்த இங்கிலீஷ் பேப்பரைப் பிரித்து எறியப் போனவள், கசங்கலுக்குள் ஒரு கல்பாலத்தின் படத்தைக் கண்டு நின்றுவிட்டேன். இரண்டு கண் வைத்த பாலம், கீழே ஓடை, கரையில் நெட்டையாக ஒரு புகைபோக்கி. எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அது உங்கள் கம்பெனி விஸ்கியின் விளம்பரம் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இதப் பாருங்க" என்று சொல்ல வாயெடுத்து, யாரிடம் சொல்கிறோம் என்று அடக்கிக்கொண்டேன். நீங்கள் போனபின் இது இரண்டாவது மழைக்காலம். இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்கு உலை வைப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. அரிசி கூடிப்போகிறது.

நம் ஆட்கள் எல்லோரும் அக்கரைக்கு வட்டிக்கடை வேலையாகப் போனார்கள். நீங்கள்தான் சீமை விஸ்கி இறக்குமதி செய்யும் கிட்டங்கியில் போய்ச் சேர்ந்தீர்கள். "மாப்பிள்ளை சாராயக் கிட்டங்கியில பெரிய ஆளு" என்று என் அண்ணன் பந்தியில் சொல்லிச் சிரித்தது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முகர்ந்து பார்ப்பீர்கள், நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிடுவீர்கள். அவ்வளவுதான் உங்களுக்கும் அதற்கும்.

மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே. நம் கல்யாண வாழ்க்கை அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு முறை நீங்கள் கப்பலேறப் போனதும், கழற்றிப் போட்டுப் போன சட்டை ஒன்றைத் துவைக்காமல் என் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்வேன். புகையும் மரமும் வெல்லப்பாகும் கலந்தாற்போல ஒரு வாசனை அதில் இருக்கும். கப்பல் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதத்தில் அதுவும் போய்விடும். பிறகு வெறும் துணிதான்.

யுத்தமெல்லாம் முடிந்து நீங்கள் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது பாதி ஆளாக இருந்தீர்கள். டிரங்குப் பெட்டியில் துணிமணியைவிட வைக்கோல்தான் அதிகம். அதற்குள் நான்கு சீசாக்கள். மாடியறைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்தீர்கள். ரப்பர்த் தோட்டமெங்கும் விற்ற பாலம் போட்ட சீசா; கம்பெனிக்கு நூறு வயதானபோது செய்த பழுப்புநிறப் பீங்கான் ஜாடி; ஜப்பான்காரன் கண்ணில் படாமல் கிட்டங்கித் தரைக்கடியில் புதைத்து வைத்ததில் மேலே ஒட்டிய சீட்டெல்லாம் மண் தின்றுபோன ஒன்று; பிறகு, நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் கறுப்புச் சீசா. அதில் படம் எதுவும் கிடையாது. ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து மட்டும்.

வந்தவர்களிடமெல்லாம் விஸ்கியைப் பற்றியே பேசினீர்கள். எவ்வளவு நாள் கேட்பார்கள்? ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் கேட்க நான் மட்டும்தான். வாற்கோதுமையை முளைகட்டி, கரிமண் கட்டியை எரித்த புகையில் உலர்த்துவதையும், காய்ச்சியதை ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வருஷக்கணக்கில் தொடாமல் வைப்பதையும் நேரில் கண்டவர்போலச் சொன்னீர்கள். கம்பெனியைத் தொடங்கியவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, அவர் மனைவிதான் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஓடைக்கரையில் நாற்பது வருஷம் காய்ச்சினாளாம். பத்து வருஷம் ஆகாத சரக்கு வெளியே போகக் கூடாது என்று கட்டளை போட்டவளும் அவள்தானாம். கறுப்புச் சீசாவில் இருந்தது அவள் கையெழுத்து.

"அந்தம்மா ஒத்தையில எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"மானேஜர் இருந்தாரு. வேலையாளுக இருந்தாங்க."

"நா அதக் கேக்கல. பொழுது போனா யாருட்டப் பேசுவா?"

"அத கம்பெனிக்காரன் சொல்லல" என்றீர்கள். பிறகு வெகுநேரம், ஏற்கெனவே துடைத்து வைத்த சீசாவையே துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சமஸ்தானம் போய் நாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் மதுவிலக்கும் வந்தது. திருமயத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"குடிக்காம இருந்தா ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர்ட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிருங்க. பெர்மிட் தந்துருவாங்க. சீசா வீட்லயே இருக்கலாம்" என்றார்.

"நா குடிக்கிறதே இல்லையே."

"அப்ப எதுக்கு வச்சிருக்கீங்க?"

அவர் ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். நம் மகள் சாலாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. குடிகாரர் என்று பெர்மிட் வாங்கினால் சம்பந்தக்காரர்கள் காதுக்கு எட்டாமல் போகாது. அது தெரிந்தும் நான் சொன்னேன்: "வச்சுக்கங்க. இந்த எடம் போனா இன்னொண்ணு வரும். ஒங்களுக்குன்னு வேற என்ன இருக்கு?"

"நா இல்லாம ஒத்தையில நீ வளத்த பிள்ள அது. எம்பேரால கெடணுமா?" என்றீர்கள்.

அதிகாரி மறுபடி வந்த அன்று கொல்லையில் அவர் கண்ணெதிரே கொட்டினீர்கள். கறுப்புச் சீசாவை முதலில் எடுத்தீர்கள். "இது இருவத்தஞ்சு வருசம் பீப்பாயில கெடந்தது" என்று அவரிடம் சொன்னீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் ஜாடி. அப்புறம் மண் தின்ற சீசா. கடைசியாகப் பாலம் போட்டது. "இதுல ஒண்ணுமில்ல, சாதாரணச் சரக்கு" என்றபடி கவிழ்த்தீர்கள்.

காற்று என் பக்கம் வீசியது. அது உங்கள் சட்டை வாசனை. பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து நான் தேடித் தேடிப் பார்த்த அதே வாசனை, வாழை மரத்தடியில் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி போனபின் அழுதேன். விஸ்கிக்காக அழுகிறேன் என்று நினைத்துத் திகைத்துப்போனீர்கள். அப்போதுதான் சட்டை விஷயத்தைச் சொன்னேன். கொல்லைப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள்: "நா இல்லாத வருசத்துல நீ எப்படி இருந்த? மொதல்லேருந்து சொல்லு."

சாலா கல்யாணமாகி மதராஸுக்குப் போனபிறகு நமக்கு அதுதான் வேலை. மாலையில் காப்பியோடு அந்தப் படியில் உட்காருவோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மகன் பிறந்து மூன்றாம் நாளே போனதைக் கடிதத்தில் இரண்டு வரியாகப் படித்திருந்த நீங்கள், அந்த மூன்று நாளையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். யுத்த காலம் வந்ததும் என் பேச்சு நின்றுவிடும். "அப்புறம்?" என்பீர்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்பேன். அப்படியே நாளை, நாளை என்று வருஷங்கள் ஓடின. மார்வலி என்று நீங்கள் படுத்த அன்றும் அது சொல்லாமலே கிடந்தது.

இப்போது சொல்கிறேன். கடிதம் நின்றுபோன மறுவருஷம் உங்கள் பெரியப்பா வந்தார். கிட்டங்கியில் குண்டு விழுந்து எல்லாம் எரிந்துவிட்டதாகவும், ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் யாரோ சொன்னார்களாம். ஊர்ப் பெண்கள் வந்து கூடத்தை நிறைத்துவிட்டார்கள். என் கழுத்தைப் பார்த்தபடி பெரியப்பா, "ஆகவேண்டியதச் செய்யணும் ஆத்தா" என்றார்.

"ஒடம்பக் கண்டது யாரு?" என்று கேட்டேன். யாரும் கண்டிருக்கவில்லை. "அப்ப அவுக இருக்காக" என்றேன்.

பைத்தியம் என்றார்கள். நல்ல காரியங்களுக்கு என்னை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அழைக்காமலே விட்டார்கள். பொட்டும் பூவுமாய் நான் வீதியில் போனால் பேச்சு நின்றுவிடும். யார் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகு எனக்கே அதில் நம்பிக்கை இருக்காது. மறுநாள் எழுந்து மறுபடியும் அதையே சொல்வேன். இதைக் கேட்டால் உங்களால் தாங்க முடியாது என்றுதான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

இந்த முறை உடம்பைக் கண்டவள் நானே. யாரோடும் வாதாட வழியில்லை. ஆனால் பழகிய வாய் கேட்கிறதா? போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று, "செட்டியார் இருக்காரா?" என்றார். அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"இருக்காக."