அவள் கேட்டது செப்புக்குடம் அல்ல

சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரா, என் பிரியமுள்ள முனிரத்தினமே,

நீ போய் வருஷம் ஒன்று ஆகிறது. உன் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை எழுதுகிற நிலையில் நான் இல்லை. என் மகள் கஸ்தூரி பேச்சை நிறுத்திவிட்டாள். யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல்தான் உன்னிடம் வந்திருக்கிறேன். ஊரே படிக்கட்டும், வெட்கம் பார்க்கிற நேரமில்லை.

உன் வாடகைப் புத்தகக் கடைக்கும் என் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வயசுப் பிள்ளைகள் உன் கடையில் மொய்ப்பார்கள். அவர்களுக்கென்று தனி அலமாரி வைத்திருந்தாய். கடலோரத்து மீனவப் பெண்ணின் கதை, தோல் பதனிடுகிறவர் வீட்டுப் பையன் கதை, பாய் வீட்டுப் பெண் கதை, கண் தெரியாத பிள்ளை கதை, கடல் தாண்டி இருக்கிற கறுப்பினத்துப் பிள்ளைகளின் கதை. தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. திருப்பதி பஸ் போர்டைப் பார்த்தே தெலுங்கு எழுத்துக் கூட்டப் பழகின என் மகள் இரண்டையும் விட்டுவைக்கவில்லை.

“ஏன்யா, இதுல நம்ம வீட்டுக் கதை ஒண்ணாவது கீதா?” என்று ஒருநாள் மடக்கினேன்.

“நம்ம வீட்டைத்தான் தினம் பாத்துகினு கீதே பாவா. அடுத்த வீட்ல இன்னா வேவுதுன்னு தெரிய வாணாமா?” மச்சான் என்பதை நீ தெலுங்கில் பாவா என்றுதான் சொல்வாய்.

“அடுத்த வீட்டுச் சட்டிய எட்டிப் பாக்கக் கத்துக் குடுக்கிறியா?”

“ஆங்! உன் கடைக்கு வர்றவங்க குடத்தைத் தட்டிப் பாத்துதானே வாங்குறாங்க? இதுங்களும் நாலு மனுசனைத் தட்டிப் பாக்கட்டும்.”

உன்னிடம் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பித் தருகிற பிள்ளையை நிறுத்தி, “செப்பு” என்பாய். தெலுங்கில் ‘சொல்லு’. படித்ததைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். யாராவது தப்பாகச் சொன்னால் கஸ்தூரிக்குப் பொறுக்காது. “அப்படி இல்ல!” என்று அவள் குறுக்கே பாய்வது சுவர் தாண்டி என் கல்லாவரைக்கும் கேட்கும்.

நீ போனபின் உன் வீட்டம்மா கடையைக் காலி செய்தபோது புத்தகங்களை நான்தான் எடுத்துக்கொண்டேன். பாசத்தில் என்று நினைக்காதே, பாத்திரம் சுற்றக் காகிதம் ஆகுமென்று. கஸ்தூரி அந்த ஓர் அலமாரியை மட்டும் யாரையும் தொடவிடாமல் பின்கட்டில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு புத்தூரிலிருந்து வரன் வந்தது. வசதியான குடும்பம். பெண் பார்க்க வந்த பையனின் அத்தை அலமாரியைப் பார்த்துவிட்டாள்.

“இதெல்லாம் பொண்ணு படிக்கிறதா? கண்டவங்க கதையப் படிச்ச பொண்ணு சொன்ன பேச்சுக் கேக்குமா?”

நான் வியாபாரி. வந்த வரன் நழுவிவிடக் கூடாதே என்று, “சேச்சே, அது செத்துப்போன சிநேகிதன் கடைக் குப்பைங்க. எடைக்குப் போட்டுடுவேன்” என்றேன். காபித் தட்டோடு கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் அந்த மீனவப் பெண் கதையை என் கல்லாமேல் வைத்தாள். “படிச்சிப் பாரு நைனா. அப்புறம் எடைக்குப் போடு.” நானோ, ஆடிக்கொண்டிருந்த தராசு மேசைக் காலுக்கு அதை முட்டுக் கொடுத்தேன்.

சில நாள் கழித்துச் சீர்ப் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். “இன்னா வேணும்மா, பித்தளையா, எவர்சில்வரா?” என்றேன்.

“செப்பு, நைனா.”

பூரித்துப் போனேன். செப்புக்குடம் கேட்கிறாள், கல்யாணத்துக்கு இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆள் அனுப்பிக் குடமும் தவலையும் தருவித்து, பளபளவென்று தேய்த்து அவள் எதிரில் வைத்தேன். குடத்தைப் பார்த்தாள். மேசைக் காலடியில் நசுங்கிக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். உள்ளே போனவள்தான்.

ஆந்திராவில், நகரியில் பிறந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, அவ குடமா கேட்டா? அந்த பொஸ்தகக் கடை அண்ணன் கேக்குமே, அந்த செப்பு! படிச்சியா, சொல்லுன்னு கேட்டுகினு நின்னிருக்கா!”

பக்கத்துக் கடையில் தினம் கேட்ட சொல். என் கடைக்குள் வந்ததும் எனக்கு அது உலோகமாகிவிட்டதே, முனிரத்தினம்!

அன்றிலிருந்து அவளிடம் ஒரு சொல் இல்லை. அம்மாவிடம்கூட இல்லை. வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. கிருத்திகைக்கு மலையேறினேன். சுற்றிலும் அரோகரா போடுகிறார்கள், நான் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு நின்றேன். ஸ்டேஷனில் வண்டி ஊதினால் வியாபாரத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறேன், அவள் இருக்கிறாளா என்று பார்க்க. குடத்தைத் தட்டினால் கீறல் எங்கே என்று சொல்லிவிடுவேன். பெற்ற பெண்ணைத் தட்டுகிறேன், ஓசையே வரவில்லை. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். என்ன அவசரமென்று கிளம்பிப் போனாய்?

புத்தகத்தை மேசைக் காலடியிலிருந்து எடுத்துவிட்டேன். படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் படுக்கையில் கிடக்கிற அப்பன், “பொம்பளைப் பிள்ளை கடலுக்குப் போறதா?” என்று கத்துகிறான். அந்த மீனவப் பெண் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அந்த அப்பன் பேசுகிறதெல்லாம் நான் பேசினது. கடலோரத்தில் உட்கார்ந்து எழுதினவருக்கு என் வீடு எப்படித் தெரிந்தது? நம்ம வீட்டுக் கதை ஒண்ணாவது கீதா என்று உன்னை மடக்கினேனே, அப்போதே என் வாயில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா?

புத்தூர்க்காரர்கள் கண்ணிலும் இது படட்டும். என் மகள் படிக்கிறவள். படித்ததைச் சொல் என்று கேட்கிற வீட்டுக்குத்தான் அவள் போவாள். உன் அலமாரி எடைக்குப் போகாது.

புத்தகத்தை முடித்ததும் அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதை சொல்லப் போகிறேன். அதையும் தப்பாகச் சொல்லப் போகிறேன். வலை கிழிந்ததைப் படகு கவிழ்ந்தது என்பேன். அத்தையை அக்கா என்பேன். நாளுக்கு நாள் இன்னும் மோசமாகச் சொல்வேன். அவளுக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியும். எனக்கு மிஞ்சியிருக்கிற நம்பிக்கை அது ஒன்றுதான். “அப்படி இல்ல நைனா!” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறவரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் பாவா,
பாத்திரக்கடை கோவிந்தசாமி