தொப்பியைக் கழற்றினால்

பெல்ஃபோர்ட், அலபாமா
18 ஆகஸ்ட் 1986

மதிப்பிற்குரிய கோச் ரேபர்ன் அவர்களுக்கு,

பதினோரு வருஷம் கால்பந்து அணியில் உங்கள் பின்னால் ஓடிய உதவியாளன், இப்போது உங்கள் நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். நாற்காலி அகலம்தான், நான் அதைவிட அகலம்.

"கோச், பெல்ஃபோர்ட் கல்லூரி" என்று எனக்கு வரும் தபாலையெல்லாம் தபால்காரர் லோனி உங்கள் வீட்டில் போட்டுவிடுகிறார். கேட்டால், "கோச்சுன்னா அவருதானே? நீ டூயி!" என்கிறார். முடிவெட்டுகிறவரோ, "முப்பத்தொரு வருஷத்துல அவரு தோத்ததை நீ ஒரே வருஷத்துல தோத்துடுவ, பாரு" என்றார். கத்தி என் கழுத்தில் இருந்தது. பதில் பேசுகிற இடமா அது?

தபாலை மட்டும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

பணிவுடன்,
டூயி கிரென்ஷா

23 ஆகஸ்ட்

அன்புள்ள டூயி,

பத்தொன்பது கடிதம். பிரித்துவிட்டேன், பழக்கம். பதினெட்டுப் பேர் உன்னைத் திட்டியிருக்கிறார்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே. மிச்சம் ஒன்று உன் பல் டாக்டர். முதலில் பல்லைப் பார்.

ஆட்டத்தன்று முதல் வரிசையில் இருப்பேன்.

ஹாலிஸ் ரேபர்ன்

22 செப்டம்பர்

அன்புள்ள கோச்,

சனிக்கிழமை நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒன்றரை நிமிஷம் மிச்சம். நாலாவது முயற்சி, அதுதான் கடைசி; பந்தோடு தாண்ட வேண்டியது இரண்டே கஜம். பந்தோடு ஓடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தீர்கள்.

இந்த ஊரில் அந்தத் தொப்பி கழன்றால் 'ஓடாதே, பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடு' என்று அர்த்தம், முப்பத்தொரு வருஷமாக உங்கள் சைகை அது. பந்து வைத்திருந்த நம் பையன் ரஸ்ஸல் உங்களைப் பார்த்தான், உதைத்தான். பந்து எதிரணிக்குப் போனது. தோற்றோம்.

"ஏண்டா?" என்றேன்.

"கோச் தொப்பியக் கழட்டினாரே, சார்!"

நான் சாராம்.

அதனால் கேட்கிறேன்: இந்த வருஷம் முடியும்வரை மைதானத்துக்கு வராதீர்கள். பயிற்சிக்கும்தான். "அவரையா வர வேணாம்னு எழுதுறீங்க? இனி இந்த ஊர்ல யாரு நம்மளை விருந்துக்குக் கூப்பிடுவா?" என்றாள் என் மனைவி நடீன். "வீட்லயே சாப்பிட்டுக்கலாம்" என்றேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

டூயி

29 செப்டம்பர்

டூயி,

வியர்த்தது, துடைத்தேன். என் தலை.

வர மாட்டேன்.

ரேபர்ன்

17 நவம்பர்

அன்புள்ள கோச்,

கடைசி ஆட்டம். மறுபடி நாலாவது முயற்சி, இரண்டு கஜம். பதினொரு தலைக்கவசமும் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. உங்கள் இடம் காலி. பிறகு ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஓடு என்றேன். ரஸ்ஸல் ஓடினான். ஒரு கை அகலம் குறைந்தது. தோற்றோம்.

ஆனால் இந்த முறை தோற்றது நான், உங்கள் தொப்பி இல்லை. அடுத்த வருஷமும் ஓடு என்றுதான் சொல்வேன். உங்கள் இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

டூயி

21 நவம்பர்

அன்புள்ள டூயி,

இத்துடன் இருப்பது உன் கடிதம்தான். பிரிக்கவில்லை. உறைமேல் 'கோச், பெல்ஃபோர்ட்' என்று எழுதியிருக்கிறாய்.

"வீடு மாத்திக் குடுக்குற, லோனி" என்றேன்.

"என்ன கோச், வெளையாடுறீங்களா?"

"கோச் மைதானத்துல இருக்காரு. அங்க போய்க் குடு."

ரேடியோவில் கேட்டேன். நானாக இருந்தால் உதைத்திருப்பேன். அப்போதும் தோற்றிருப்போம்.

ஆகஸ்டில் வருவேன், தொப்பியோடு. அதைக் கழற்றினால் வெயில் என்று அர்த்தம். பையன்களிடம் சொல்லிவை.

இனி எனக்கு எழுதினால் பேர் போட்டு எழுது.

ஹாலிஸ்