தப்புச் சரக்கை இறக்கிய நொதி

மாமு,

இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். டீசல் புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தச் சாலையில் மட்டும் அதை நம்ப முடிவதில்லை.

அன்றும் இப்படித்தான் மாட்டிக்கொண்டோம். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முடித்த கையோடு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தாய். எம்.எஸ்சி.யை விட்டுவிடப் போகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். புராஜெக்ட் மூன்றாவது முறையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"எனக்குப் புரியறாப்ல சொல்லு" என்றாய். சொன்னேன். உடம்பில் புரதம் கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றைச் சுமக்கும் வண்டி டி.ஆர்.என்.ஏ. எந்த அமிலம் எந்த வண்டிக்கு என்று பார்த்து ஏற்றுவது நொதி. ஐசோலூசினை ஏற்றும் நொதியிடம், கிட்டத்தட்ட அதே சாயலில் இருக்கும் வேலினைக் கொடுத்து, ஏமாந்து ஏற்றுகிறதா என்று பார்த்தேன். ஏடிபி என்ற எரிபொருள் தீர்ந்துகொண்டே போகிறது, வண்டியிலோ ஒன்றும் இல்லை. என் நொதி கெட்டுப்போய்விட்டது என்றேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏத்திட்டு எறக்கிகினு கீது மாமு. முந்தாநேத்து நானே தப்பு சரக்க ஏத்தி, அப்பால எறக்கினேன். வண்டி காலி, டீசல் மட்டும் பூட்ச்சி. இதுக்கு இன்னாத்துக்கு பேஜாராவுற?"

நொதி தன் தப்பைத் தானே திருத்தும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். என் சோதனைக் குழாயில் நடப்பது அதுதான் என்று உறைக்கவே இல்லை. மறுநாள் ஐசோலூசினைக் கொடுத்தேன். வண்டி நிறைந்தது. நொதிக்கு ஒரு குறையும் இல்லை.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் வழிகாட்டி, துறைத் தலைவர், அம்மா, அப்பா எல்லோரும் இருந்தார்கள். உன்னை விட்டுவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் பெயரை எப்படிப் போடுவது என்று வெட்கம். நீ அந்தப் பக்கத்தை விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தாய். "சோக்கா கீது மாமு" என்று மூடிக் கொடுத்தாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ.

இன்று வாத்தியாராக நிற்கிறேன் என்றால் அது உன்னால்தான். அந்தப் பாடம் வரும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். நேற்று ஒரு மாணவி எழுந்து, "அவர் எந்த யுனிவர்சிட்டி சார்?" என்று கேட்டாள்.

"திருவொற்றியூர் யார்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டாள்.