செவ்வாயைப் பார்த்தேன்

ஆரணி,
புரட்டாசி 1988

அன்புள்ள அம்மாவுக்குக் கன்னியம்மா கும்பிட்டு எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? ஹாஸ்டல் சமையல் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்ததும், சயின்ஸ் டீச்சர் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துச் செவ்வாயைக் காட்டினார். "நீங்களும் வாங்கக்கா, கடிச்சிடாது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். என் ஜாதகத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது என்று மாமியார் சொன்னாரே, அதே செவ்வாய். பயந்துகொண்டுதான் கண்ணை வைத்தேன். இங்கே தெருவில் காயப்போடும் சிவப்புப் பட்டு நூலில் அறுந்த துணுக்கு போல, சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது.

"அதுக்கு நம்மளத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு சுத்திகினு இருக்குது கன்னியம்மா. அதுக்கு யாரையும் தெரியாது" என்றார்.

காமாலை முற்றித்தான் அவர் போனார் அம்மா. உனக்கும் தெரியும். எனக்காக இனிமேல் செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்காதே.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அவருடைய பழைய போர்வையும் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. விடிகாலையில் குளிர்கிறது. போர்வையைத் துவைக்க வேண்டாம்.

உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நீ என்ன சாப்பிட்டாய் என்று தங்கச்சியை எழுதச் சொல்.

உன் மகள்
கன்னியம்மா