இடது கதவுக்கு வாங்கிய மெஷின்

சம்பந்தி,

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய செருப்பு மூட்டைக்குப் பின்னால், அந்த அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் கெட்டிப்பட்ட கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே, நீங்கள் செய்தித்தாளில் சுற்றி வைத்தபடியே, கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின். நீங்கள் தப்பாக வாங்கி வந்த அதே இடது கதவு மெஷின்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தபடியே, "சம்பந்தி, கெடச்சிருச்சு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்தபோது தலையை இடித்துக்கொண்டேன்.

இது நேற்று, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விரல்களில் இன்னும் வலி போகவில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் வீட்டம்மா வாசலைத் தாண்டவில்லை. இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராதது சரி, அது முறை. அது முடிந்து இத்தனை மாதம் ஆகியும் வெளியே வருவதாகக் காணோம். கறிகாய் வாங்கவும் மகன், மருந்து வாங்கவும் மருமகள். என் மகள் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனாள். போன வாரம், "மாமி, ஒரே ஒரு தடவ பீச் ரோடு வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டதற்கு, "நம்ம கார்லதான் வருவேன். என் சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி எறங்குனா வரேன். இல்லன்னா என்ன விட்டுடுங்க" என்றாராம்.

அந்தக் கண்ணாடி எங்கே இறங்கும்? நீங்கள் படுத்ததிலிருந்தே கார் தெருவில்தான் நிற்கிறது, பேட்டரி சாகாமல் இருக்க மாப்பிள்ளை வாரம் ஒருதரம் இன்ஜினை ஓடவிடுவதோடு சரி. ஊர்க் காற்றில் உப்புக்குக் குறைச்சலா? இடது முன்கதவின் கண்ணாடி உச்சியில் போய் இறுகிவிட்டது. சுவிட்சை அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இது உங்கள் வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். நடக்காததைக் கேட்டுவைத்தால் இனி யாரும் வந்து கூப்பிடமாட்டார்கள் அல்லவா? மகள் போனில் அழுதாள். எனக்கோ அந்த இடது கதவு மெஷின் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறிவிட்டது. "அழாதம்மா. ஞாயித்துக்கெழம வாப்பா வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தவளக்குப்பத்தில் குடைக்கடை வைத்துப் பிழைத்த எனக்குக் குடைக்கம்பியைத் தவிர என்ன தெரியும்? நீங்கள் தெரிந்தவர்போல் பேசுவீர்கள், நான் தெரியாதவன்போல் தலையாட்டுவேன். அதுதானே நம் தொழில்நுட்பம்!

ஞாயிறுதோறும் நாம் ஒன்றாக ஸ்பேனர் பிடித்தோமே, அதில் அந்த முதல் ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த புதிது. உங்கள் காரில் ஸ்டியரிங் பக்கத்துக் கண்ணாடி, அதாவது வலது கண்ணாடி, பழுதாகியிருந்தது. "மெக்கானிக் எதுக்கு? பிரான்ஸுல நானேதான் செஞ்சிக்குவேன்" என்றீர்கள். பாதி வாழ்க்கை அங்கே வேன் ஓட்டியவர். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். ஊருக்குத் திரும்பி எத்தனையோ காலம் ஆகியும் உங்கள் உடம்புக்கு அது மறக்கவில்லை. கார் எடுக்கப் போனால் நேராக இடது கதவைத் திறந்து உட்காருவீர்கள். கையை நீட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் இருக்காது. உடனே "வுவாலா! இதோ இருக்கு!" என்று முன்னால் இருக்கும் டப்பாவிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு, அதற்காகத்தான் வந்தவர்போல் இறங்கி மறுபக்கம் போவீர்கள். அதே பழக்கத்தில் கடையிலும் இடது கதவு மெஷினைக் கேட்டு வாங்கி வந்துவிட்டீர்கள்.

கதவைப் பிரித்து, மெஷினை உள்ளே வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டுகிற கதைதான். மோட்டார் ஒரு பக்கம் பார்க்கிறது, போல்ட் ஓட்டை எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் "நீங்க வாங்கினது தப்பு" என்று எப்படிச் சொல்வது? "கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமா சம்பந்தி?" என்றேன். திருப்பினோம். "தலகீழா வெச்சா?" என்றேன். வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி திருப்பினோம். வெயிலில் வேர்த்து ஊற்றுகிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கடைசியில் நீங்கள் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி சம்பந்தி. நீங்க எப்பதான் வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கினு இருக்கேன்!" என்றீர்கள். "கதவப் பிரிச்சாச்சின்னா அங்க மாப்ள வூடு, பொண்ணு வூடு எல்லாம் கெடையாது. தப்புன்னா தப்புன்னு சொல்லணும்." அன்றைக்குத்தான் சம்பந்தியாக இருந்தவர் எனக்குச் சினேகிதர் ஆனீர்கள். கடைக்காரன் சிரிப்பான் என்று அந்த மெஷினைத் திருப்பிக் கொடுக்கவும் போகவில்லை. "எப்பனா அந்தப் பக்கமும் போவும்ல, அப்ப மாட்டிக்கலாம்" என்று பெட்டியில் வைத்தீர்கள். போய்விட்டது சம்பந்தி, நீங்கள் சொன்ன மாதிரியே போய்விட்டது!

நேற்று வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. மாப்பிள்ளைக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஷிப்ட். மகளுக்குக் கதிர்காமத்து மருந்துக்கடையில் சாயங்காலம் வரை வேலை. பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு நான் தெருவுக்கு வந்துவிட்டேன். உங்கள் வீட்டம்மா கூடத்துத் திரைக்குப் பின்னால் இருந்தார். அவர் என்னிடம் நேராகப் பேசியதே கிடையாது, உங்களுக்குத் தெரியும். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், "உங்க வாப்பாவுக்கு இன்னொரு கரண்டி போடவான்னு கேளு" என்பார். நேற்றும் நிலைப்படிக்கு உள்பக்கம் டீயை வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு இருந்த ஒரே பயம் நேரம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டை நடப்பவர்களுக்கென்று மூடிவிடுவார்கள், வண்டியை விடமாட்டார்கள். நேற்றை விட்டால் இன்னொரு ஞாயிறு அவர் ஒத்துக்கொள்வார் என்று என்ன நிச்சயம்?

கைப்பிடிக்குள் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, உள்பக்கத்து அட்டையை நெம்பி எடுத்தேன். கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்தன. அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தால், அப்பப்பா, மெஷினின் கம்பிக்கயிறு பிரிந்துபோய், நூல்கண்டை ஆடு மென்றதுபோல் மோட்டாரைச் சுற்றிச் சிக்கிக் கிடக்கிறது. கண்ணாடி உச்சியில் இருந்ததால் அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கைக்கு எட்டவில்லை. யோசித்தேன். பிறகு உங்கள் கட்டிங் பிளேயரால் கயிற்றை ஒரே வெட்டு! கண்ணாடி தளர்ந்து கையோடு இறங்கியது. போல்ட் தெரிந்தது. தெருவில் போன ஒரு பையனைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பழையதை உருவி எடுத்துவிட்டு உங்கள் மெஷினை உள்ளே விட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. இனி கண்ணாடியை அதன் பிடியில் நிறுத்தி முடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் மேலே கண்ணாடியைப் பிடிக்க, இன்னொருவர் கதவுக்குள் கைவிட்டு முடுக்க. டேப் போட்டு நிறுத்திப் பார்த்தேன், தூசியில் ஒட்டவில்லை. முழங்காலால் கதவை அணைத்துக்கொண்டு, தோளால் கண்ணாடியைத் தாங்கி என்னென்னவோ செய்தேன். மூன்று முறை நழுவியது. "யா அல்லாஹ், இதுக்கு மேல என்னால முடியலியே" என்று வாய்விட்டே சொன்னேன்.

"வுடாதீங்க. நான் புடிக்கிறேன்."

கண்ணாடியின் மேல்விளிம்பில் இரண்டு கைகள். வெறுங்காலோடு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தெருவில் நின்றார் உங்கள் வீட்டம்மா. நான் தலையை நிமிர்த்தவே இல்லை சம்பந்தி. எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டால் உள்ளே போய்விடுவாரே! கதவுக்குள் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் மேல… அப்டியே…" என்றேன்.

"கோணலா இருக்கு. பின்னாடி எறங்கியிருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

"இல்ல. கோணல்."

பார்த்தேன். கோணல்தான். தளர்த்திச் சரிசெய்து முடுக்கினேன். சுவிட்சை அதன் ஒயரில் செருகி அழுத்தினேன். கண்ணாடி ஒரு முனகல் இல்லாமல் இறங்கியது. ஏற்றினேன், ஏறியது. இறக்கினேன், இறங்கியது! நான் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுக் கத்தினேன்.

"கத்தாதீங்கண்ணே, தெருவே பாக்குது" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாம் போச்சு என்று நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கதவு திறந்தபோது சம்பந்தியம்மா வேறு சேலை கட்டி, செருப்புப் போட்டிருந்தார்.

அட்டையை மாட்ட ஏது நேரம்? இரும்பு தெரியும் கதவோடேயே கிளம்பினோம். மகள் பின்னால் உட்கார்ந்தாள். உங்கள் வீட்டம்மா ஒயரில் தொங்கிய சுவிட்சை மடியில் வைத்துக்கொண்டு தானே அழுத்திக் கண்ணாடியை இறக்கினார். காற்று முக்காட்டைத் தூக்கியது, அவர் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வெளியூர்க்காரர்கள் சாலையின் நடுவில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நான் ஹாரனை அழுத்திய அழுத்தில் உங்கள் கார் கோபித்துக்கொண்டிருக்கும்.

போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் தடுப்பை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். "சார், ஒரே ரவுண்டு சார்" என்று கெஞ்சினேன். அவர் கையை ஆட்டினார், திருப்பச் சொல்லி. காலையிலிருந்து இதற்காகத்தானே குனிந்து கிடந்தேன்! திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி மெல்ல ஏறி முழுசாக மூடியது. பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"வண்டிய ஓரமா வுட்டுட்டு வாங்கண்ணே. நாங்க நடக்குறோம்."

நான் காரை நிறுத்திவிட்டு வந்து பார்க்கும்போது மாமியாரும் மருமகளும் கூட்டத்தில் வெகுதூரம் போயிருந்தார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே, சம்பந்தியம்மா கையை நீட்டி எதையோ காட்டி மகளிடம் பேசிக்கொண்டே போனார். உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு போனாராம், மகள் பிறகு சொன்னாள்.

நம் இரண்டு பேரின் ஞாயிறுகள் உங்களோடு முடிந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நீங்கள் இருந்த வீட்டில் எனக்கு இப்போது ஒரு தங்கச்சி இருக்கிறாள். அடுத்த ஞாயிறு அட்டையை மாட்ட வரச் சொல்லியிருக்கிறாள், யாரிடமும் சொல்லி அனுப்பாமல், அவளே என்னிடம்.