ரயில் போனபோது மங்கிய ஒளி

செவ்வாய்க்கிழமை, இரவு.

அந்தோணி அண்ணனுக்கு வேலை போகவில்லை. அப்பாடா.

நான் வடிவமைத்த தகவல்தொடர்பு சுவிட்சில் ஒரு சின்னக் கண்ணாடி திரும்பி, ஒளியை ஒரு ஃபைபர் இழையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும். எண்ணூரில் பொருத்தியதிலிருந்து ஒளி அவ்வப்போது மங்கியது. ஃபைபர்களை இணைத்த அந்தோணி அண்ணன் முனைகளைச் சரியாகத் துடைக்கவில்லை என்று போன வாரம் அறிக்கை எழுதிவிட்டேன். அவரை நிறுத்தப்போவதாக நேற்று மேனேஜர் சொன்னார்.

மனசு கேட்கவில்லை. காலையில் நானே எண்ணூர் போய், சுவிட்ச் இருக்கும் அறையில் ஒளியை அளக்கும் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அறையை ஒட்டி நிலக்கரி ரயில் போனது, ஒளி மங்கியது. ரயில் கடந்ததும் சரியானது. அடுத்த ரயிலுக்கும் அதேதான். கண்ணாடியைத் தாங்கும் பிடியை நான்தான் மெல்லியதாக வடிவமைத்திருந்தேன். அதிர்வில் அது ஆடியிருக்கிறது.

உடனே மேனேஜருக்கு போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். "சரி, பிடியை மாத்துங்க. அவர் இருக்கட்டும்" என்றார்.

அந்தோணி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ரிப்போர்ட்டு சேதி காதுல வுழுந்ததுலேந்து நாலு நாளா சோறு எறங்கல தங்கச்சி. வூட்ல கூட சொல்லல" என்றார். பிறகு, "ரயிலு போனா இங்க டேபிளே ஆடுது. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"

கேட்டிருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால்... வேண்டாம், தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. இன்றாவது தூங்குகிறேன்.