வாகாகப் போட்ட பந்து

8 மார்ச் 1978, புதன்

நேற்று நல்ல மழை. காலையில் டென்னிஸ் கோர்ட்டின் புல்லைக் காயவிட்டு, ரோலர் இழுத்து, கோடு போட்டு முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. சாயங்காலம் டத்தோ வந்தார், அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மெம்பர். புதன்கிழமை என்றால் அவரும் நானும்தான். அவருக்கு வலது பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல் வர வேண்டும் பந்து. அப்படியே போட்டேன். ஜெயித்தார். “இன்று உனக்குக் கால் ஓடவில்லை” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். ஆமாம் துவான் என்றேன்.

மார்க்கர் வேலை இதுதான். ஜோடி கிடைக்காத மெம்பருக்கு எதிரே நின்று அடிக்க வேண்டும். அவர் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போகும்படி அடிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக நான் இந்த ஈப்போ கிளப்பில் பந்து அடிக்கிறேன், ஒரு போட்டியில் பெயர் கிடையாது. சம்பளம் வாங்கி ஆடுகிறவன் போட்டியில் சேரக்கூடாதாம். சட்டம்.

கிளம்பும்போது செயலாளர் ஸ்கந்தராஜா ஐயா கூப்பிட்டார். அடுத்த மாதம் வெளிநாட்டுக் கோச் ஒருவர் வருகிறார், தென் அமெரிக்கா, பெரிய பெரிய இடத்தில் ஆடியவர் என்றார். “உம்மட வேலையைப் பற்றிப் பிறகு பாப்பம்” என்றும் சொன்னார். எதைப் பார்ப்பார்?

9 மார்ச்

வீட்டுக்காரி நவமணியிடம் சொல்லியிருக்கவே கூடாது. “வெள்ளக்காரன் வந்தா ஒங்கள எதுக்கு வச்சிருக்கப் போறாங்க? கிளப் குடுத்த கோட்டர்ஸ காலி பண்ணச் சொன்னா எங்க போறது லா?” என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். அதனால்தான் கோபம் வந்தது. பாதியில் எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது.

3 ஏப்ரல்

வந்துவிட்டார். வெள்ளைக்காரன் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். பெயர் ஆரந்தா. எக்குவடோர் நாடு, குவாயாகில் என்று ஒரு துறைமுக ஊர். வயது நாற்பத்திரண்டு, எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். இடது முட்டியில் முருங்கைக்காய் நீளத்துக்கு ஒரு தழும்பு.

முன்வாசலில் மாலையோடு கமிட்டி நிற்கிறது. மனுஷன் வாடகைக் காரிலிருந்து இறங்கி, வேலையாட்கள் எங்கள் பின்கேட் வழியாக நேரே கோர்ட்டுக்கு வந்து, குனிந்து புல்லைத் தடவிப் பார்க்கிறார். பக்கத்தில் வாளியோடு நான். “இதை யார் உருட்டுவது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றேன். கை கொடுத்தார். மாலையை அப்புறம் போட்டுக்கொண்டார்.

இந்த ஆளை வெறுக்கத் தயாராக இருந்தேன். கொஞ்சம் சிரமமாக இருக்கும் போல.

19 ஏப்ரல்

மெம்பர்கள் போன பிறகு அவரும் நானும் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். நம் பால் டீ அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரின் ஆங்கிலமும் நொண்டி. அதனால் சண்டையில்லாமல் பேச முடிகிறது.

அவர் அப்பாவும் கிளப்பில் கோர்ட் உருட்டியவராம். அங்கேயும் பின்கேட்தானாம். மெம்பர்கள் ஊரில் இல்லாத மாதங்களில் அப்பாவும் மகனுமாக ஆடியிருக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தவர் நாட்டுக்காக ஆடினார், கப்பலேறினார், பாரிஸில் நான்காவது சுற்று வரை போனார். “பெரிய ஆள் ஆகவில்லை ரமாயா. பெரிய ஆட்களை வியர்க்க வைத்தேன்” என்றார். ராமையா என்ற என் பெயர் அவர் வாயில் ரமாயா. நோகாமல் சொன்னார். எனக்குத்தான் எங்கோ நொந்தது.

24 மே, புதன்

இன்று அவர் பெஞ்சில் உட்கார்ந்து டத்தோவும் நானும் ஆடுவதைப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, “நீ நன்றாகப் பொய் சொல்கிறாய். ராக்கெட்டால்” என்றார்.

சாப்பாடு போடுகிற பொய் என்று சொல்ல ஆங்கிலம் வரவில்லை. சும்மா சிரித்தேன்.

11 ஜூன்

முட்டி வீங்கிவிட்டது. ஐஸ் கட்டிவிட்டேன். வலியில் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆடியவருக்குக் கடைசி ஆட்டம் ரோமாபுரியில். மூன்றாவது செட், அவர் கைதான் ஓங்கியிருந்தது. நெட்டை ஒட்டி விழுந்த ஒரு குட்டைப் பந்துக்கு முன்னால் ஓடினார். முட்டி போய்விட்டது. எதிராளி நெட்டைத் தாண்டி வந்து தூக்கினான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு போட்டிகூட இல்லை.

“நான் தோற்கவில்லை ரமாயா. ஜெயிக்கவுமில்லை. பாதியில் எழுந்து வந்த சாப்பாடு மாதிரி. மணிலாவில் கோச், சிங்கப்பூரில் கோச். எல்லாரும் எனக்கு மரியாதையாகத் தோற்கிறார்கள். ஒருவன் என்னை முறையாக அடித்து உட்கார வைத்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.”

தோற்க வேண்டும் என்று ஏங்குகிற மனுஷனை இன்றுதான் பார்க்கிறேன். நான் தினமும் தோற்கிறேன், எனக்கு என்ன நிம்மதி?

22 ஜூலை

நாளை கிளப் ஆண்டு விழா. ஆரந்தாவோடு காட்சி ஆட்டம் ஆட வேண்டிய கோலாலம்பூர்க்காரருக்கு அம்மை. அழைப்பெல்லாம் போயாகிவிட்டது. ஆரந்தா என்னைக் கைகாட்டியிருக்கிறார். கமிட்டிக்கு விருப்பமில்லை. வேறு ஆளும் இல்லை.

ஸ்கந்தராஜா ஐயா தனியாக அழைத்துச் சொன்னார்: “பாரும் ராமையா, வந்த ஆக்கள் ரசிக்கிற மாதிரி ஆடும். கெட்டித்தனம் ஒண்டும் காட்ட வேண்டாம். உம்மட வேலை நிலைக்கிறதெண்டால் அடக்கமா இரும்.”

பின்னாலேயே ஆரந்தா வந்தார். “நாளை எனக்குப் பொய் சொல்லாதே. கேட்டுக்கொள்கிறேன்” என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறேன். நவமணி என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

23 ஜூலை, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

கொட்டகை நிறைய ஆட்கள். டத்தோ முன்வரிசையில். வேலிக்கு வெளியே நவமணியும் தோட்டக்காரர் பத்துமலை அண்ணனும் நின்றார்கள். முதல் செட் ஆரம்பித்தது. பொய் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துத்தான் இறங்கினேன். ஆனால் என் கை? ஒவ்வொரு பந்தும் தானாக அவர் வலது பக்கம், இடுப்பு உயரத்தில் போய் விழுகிறது. மூலைக்கு அடிக்க நினைத்தால் நடுவில் போகிறது. பதினெட்டு வருஷம் பழக்கிய மாடு வீட்டுக்குத்தானே போகும். ஆறுக்கு இரண்டு, தோற்றேன். கொட்டகையில் நல்ல கைதட்டல்.

பக்கம் மாறும்போது ஆரந்தா நெட் அருகே என் சட்டையைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது. “நான் மெம்பர் இல்லை, ரமாயா” என்றார். அவ்வளவுதான்.

சுரீர் என்றது. அவருக்கு நான் மரியாதை காட்டவில்லை, அவரையும் டத்தோவோடு சேர்த்துவிட்டேன். பாரிஸில் ஆடியவரை.

இரண்டாவது செட்டில் வேண்டுமென்றே அவர் இல்லாத இடத்தைப் பார்த்து அடித்தேன். முதலில் இரண்டு வேலிக்குப் போனது. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது கோட்டில் விழுந்தது. அதன் பிறகு — எப்படிச் சொல்வது — கோர்ட் பெரிதாகிவிட்டது. இத்தனை வருஷம் உருட்டியும் அதில் இவ்வளவு இடம் இருப்பது எனக்குத் தெரியாது. அவரும் உயிரைக் கொடுத்து ஆடினார். அந்த மாதிரிப் பந்துகள் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. ஏழுக்கு ஐந்து, எனக்கு.

மூன்றாவது செட்டில் அவர் நொண்ட ஆரம்பித்தார். நெட்டுக்கு அருகே இடது பக்கம் குட்டையாக ஒரு பந்து போட்டால் அவரால் எடுக்க முடியாது. எனக்குத் தெரியும். நானே ஐஸ் கட்டிய முட்டி அது. போடலாமா? பாவமில்லையா? ரோமாபுரிப் பந்தும் அதுதானே? வேறு பந்தாக அடித்து இரண்டு கேமை விட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சர்வீஸ் போடாமல் நின்று, என்னையே பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வை.

போட்டேன். ஓடி வந்தார், எட்டவில்லை. இன்னொன்று போட்டேன். ஓடி வந்தார், எடுத்தே விட்டார், பாவி மனுஷன்! எடுத்துவிட்டுச் சிரித்தார். மறுபடியும் போட்டேன். நான் ஜெயித்த கடைசிப் பந்தும் அதுதான். ஆறுக்கு நாலு.

நெட்டைத் தாண்டி நான்தான் போனேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. அழுகையை அடக்க முடியவில்லை. அழுதது நான்தான், அவர் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன், கொட்டகையில் சத்தமே இல்லை. வேலிக்கு வெளியே பத்துமலை அண்ணன் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தார். டத்தோவின் நாற்காலி காலி.

24 ஜூலை

கையைத் தூக்க முடியவில்லை. நவமணி தைலம் தேய்த்துவிட்டாள். “நல்லாத்தான் அடிச்சீங்க” என்றாள்.

26 ஜூலை, புதன்

டத்தோ வரவில்லை. மற்றவர்களும் என்னோடு ஆடக் கேட்கவில்லை. அந்த வெளிநாட்டுக்காரரை ஜெயித்ததில் இவர்களுக்கு என்ன கோபம்?

31 ஜூலை

ஸ்கந்தராஜா ஐயாவே விளக்கிவிட்டார். கெட்டவர் இல்லை, கண்ணைப் பார்க்காமல்தான் பேசினார். “அந்த மனுசனை நீர் வெண்டிட்டீர். அப்ப புதன்கிழமையில டத்தோ உம்மை வெண்டதெல்லாம் என்னெண்டு எல்லாரும் கேக்கினம். அவரெண்டில்லை, எங்கள் எல்லாரையும்தான். நானும் உம்மை வெண்டிருக்கிறன் தானே?”

அவரையும் நான்தான் ஜெயிக்க வைத்தேன். சனிக்கிழமைகளில்.

ஆகஸ்ட் கடைசியோடு வேலை முடிகிறது. கோட்டர்ஸும்.

எல்லாத்துக்கும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேனே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்கா ஆடுனது பொறுக்கலயா? நான் அடிச்ச அடிக்கா தள்ளுறானுங்க — இவ்வளவு நாள் அடிக்காம விட்டதுக்கில்ல தள்ளுறானுங்க!

19 ஆகஸ்ட்

ஆரந்தா கமிட்டியில் கத்தினாராம். பலனில்லை. அவருக்கும் முட்டி இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஊருக்குத் திரும்புகிறார். ஈப்போ ரயில் நிலையத்துக்கு நானும் நவமணியும் போனோம்.

“உன் வேலையை நான் கெடுத்துவிட்டேன்” என்றார். ஆமாம், கெடுத்துவிட்டீர்கள் என்றேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. பிறகு, எனக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது என்றேன். அதுவும் உண்மைதான்.

“ரோமில் என்னை முட்டி தோற்கடித்தது. அதை நான் மன்னிக்கவே இல்லை. இப்போது ஒரு மனுஷன் தோற்கடித்திருக்கிறான். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம்” என்றார். அப்பா உயிரோடு இல்லை என்று முன்பு சொன்ன ஞாபகம். நவமணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை ரயில் கிளம்பும் முன்பே பிரித்துவிட்டார்.

2 அக்டோபர்

ஜெலாப்பாங்கில் ரப்பர் குழாய் செய்கிற ஃபேக்டரியில் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டினார்கள், மகன் குழாய் செய்கிறேன். வாடகை வீட்டில் ஒழுகுகிறது. வாசனை போக இரண்டு தடவை குளிக்க வேண்டியிருக்கிறது.

14 மே 1979

நகராட்சி டென்னிஸ் கோர்ட்டில் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், “நீங்க கிளப் மார்க்கர்தானே அண்ணே? சேர முடியாதே லா” என்றார். இப்போது குழாய் ஃபேக்டரி என்றேன். யாரையோ கேட்டுவிட்டு வந்து, அப்படியானால் தடையில்லை என்றார். என்னை வெளியே தள்ளியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

10 ஜூன் 1979

முதல் சுற்று. எதிரே ஜெயபாலன், போலீஸ்காரர், இருபத்து நான்கு வயது. ஆறுக்கு நாலு, ஆறுக்கு நாலு. தோற்றுவிட்டேன். ஓட ஓட விட்டார், குட்டைப் பந்தாகப் போட்டே மூச்சு வாங்க வைத்தார். ஒரு பந்துகூட எனக்கு வாகாக வரவில்லை.

பலகையில் ஆட்ட முடிவுகளைச் சாக்கட்டியால் எழுதினார்கள். என் பெயரும், பக்கத்தில் எண்களும். எழுதியவர் போன பிறகும் நான் நகரவில்லை. “என்னாங்க, தோத்துட்டு இப்பிடிச் சிரிக்கிறீங்க?” என்று நவமணி கையைப் பிடித்து இழுத்தாள். இரு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.